எந்தக் களத்தில் அளந்த கணக்கு?

குற்றாலத்துச் சாரல் வயல்வெளிவரை வந்து தொட்டுப் போகும் ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றிச் சூரியகாந்தி பூக்கிறது. மணிரத்னத்தின் ‘ரோஜா’ (1992) வெளிவந்த காலத்திலிருந்தே வெளியூரார் அறிந்த பெயர் இது. அன்று இப்படியோர் ஊரைப் படம்பிடிக்க ஒரு குழுவும் ஒரு வண்டி நிறையக் கருவிகளும் வேண்டியிருந்தன. இன்று வரப்பில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது. அதில் பேசவும் முடியும் என்பது கூடுதல் வசதி. அந்தக் கைபேசிகளில் எந்த நிறுவனத்தினது மிகுதி என்ற எளிய கேள்விக்கு இந்தியாவில் ஒருமித்த விடை கிடைத்த ஆண்டுகள் குறைவு.

பயிரிட்ட சம்சாரியிடம் விளைச்சல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பூ நிற்கும்போது ஒரு மதிப்புச் சொல்வார். அறுத்துக் காயவைத்து, அடித்துத் தூற்றியபின் களத்தில் ஒரு கணக்கு வரும். ஈரத்துக்கும் தூசிக்கும் கழித்துக்கொண்டு வியாபாரி தராசில் காட்டுவது மூன்றாவது கணக்கு. மூன்றும் உண்மையே. ஆனால் ஊரில் எவரும் ‘எந்தக் கணக்கு?’ என்று கேட்காமல் மேலே பேசமாட்டார்கள். கைபேசி நிறுவனங்கள் தத்தம் முதலிடத்தை அறிவித்துக்கொண்டபோது இந்தக் கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போயிற்று.

தொடக்கத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல். பேசிய கருவி நோக்கியா. பேசுபவருக்கும் கட்டணம், கேட்பவருக்கும் கட்டணம் என்றிருந்த காலம் அது. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்தது. அதே ஆண்டு வந்த நோக்கியா 1100 தலையில் ஒரு டார்ச் விளக்கைச் சுமந்திருந்தது. மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களில் அதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. பாதிக்கு மேற்பட்ட சந்தையை ஒரே நிறுவனம் வைத்திருந்தபோது கணக்கை எங்கே நின்று எடுத்தாலும் விடை மாறவில்லை. நோக்கியாவும் காலாண்டுதோறும் எத்தனை கருவிகள் அனுப்பினோம் என்பதைத் தானே வெளியிட்டுவந்தது.

சண்டைக்கு வழி திறந்தது 2011இல் என்று சொல்லலாம். அவ்வாண்டு சாம்சங் தன் கைபேசி எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. (ஆப்பிள் நிறுவனமும் 2018 நவம்பரில் இதே முடிவை அறிவித்தது.) செய்பவர் சொல்லாத எண்ணை வெளியார் மதிப்பிட வேண்டியதாயிற்று. ஐடிசி, கேனலிஸ், கவுண்ட்டர்பாயிண்ட், ஜிஎஃப்கே போன்ற ஆய்வு நிறுவனங்களின் சொல்லுக்கு அதன்பின் எடை கூடியது.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தமிழாசிரியர்கள் சுவைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி நடந்தது. சாம்சங் தன் கேலக்ஸி டேப் பலகைக் கணினி ஏறத்தாழ 20 லட்சம் விற்றதாகப் பெருமிதம் கொண்டிருந்தது. முதலீட்டாளர்களுடனான தொலைபேசிக் கூட்டத்தில், அந்த எண் கடைகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் அனுப்பியது என்று அந்நிறுவன அதிகாரி ஒருவர் விளக்கினார். மக்கள் வாங்கியது எப்படி என்பதற்கு அவர் சொன்ன விடை முதலில் ‘மிகவும் ஸ்மால்’ என்று செய்தியாயிற்று. பிறகு, அவர் சொன்னது ‘ஸ்மூத்’ என்று திருத்தம் வந்தது. ஓர் எழுத்தொலி மாறினால் பொருள் தலைகீழாகும் பாடபேதங்களை ஏட்டுச் சுவடிகளில் தேடிப் பழகிய நமக்கு இது புதிதன்று. ஸ்மூத் என்பதே சரியான பாடமென்று வைத்துக்கொண்டாலும், அனுப்பியது வேறு, விற்றது வேறு என்ற உண்மை அன்று வெளியே வந்துவிட்டது.

இந்த வேறுபாட்டின் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து மாநில, வட்டார விநியோகஸ்தருக்கும் அங்கிருந்து தென்காசிக் கடைத்தெரு போன்ற இடங்களின் சிறு கடைகளுக்கும் சரக்கு வருகிறது. பெரும்பாலான ஆய்வு நிறுவனங்கள் எண்ணுவது மேல்மடையில் திறந்துவிட்ட நீரை. வாங்குபவர் கையில் போய்ச் சேர்ந்ததை எண்ணுவது கடைமடைக் கணக்கு. காலாண்டு முடியும் வாரத்தில் சரக்கைக் கீழே தள்ளினால் மேல்மடைக் கணக்கு உயரும், செய்தித்தாளில் முதலிடமும் கிடைக்கும். கடைக்காரரின் அலமாரியில் பெட்டிகள் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் புதிய மாதிரி வந்து பழையதன் விலை இறங்கினால், அந்த இழப்பை ஈடுசெய்ய நிறுவனம் முன்வராதவரை, கடன் அவர் தலையில். புள்ளிவிவர அட்டவணையில் இவருக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

2014 ஆகஸ்டில் கவுண்ட்டர்பாயிண்ட் ஒரு கணிப்பு வெளியிட்டது: ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் எல்லா வகைக் கைபேசிகளையும் சேர்த்தால் மைக்ரோமாக்ஸ் 16.6 விழுக்காடு, சாம்சங் 14.4 விழுக்காடு. 2008இல் முப்பது நாள் மின்கலம் என்ற விளம்பரத்தோடு கைபேசித் தொழிலில் இறங்கிய குர்காவ் நிறுவனம் தென்கொரியப் பெருநிறுவனத்தை முந்தியது பெருஞ்செய்தி. திறன்பேசிகளை மட்டும் எண்ணினால் அதே கணிப்பில் சாம்சங்தான் முன்னே இருந்தது. இது தலைப்புகளில் அதிகம் வரவில்லை. அடுத்த பிப்ரவரியில் கேனலிஸ், அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் திறன்பேசியிலும் மைக்ரோமாக்ஸே முதல் என்றது: 22க்கு 20. அதே காலாண்டுக்கு ஐடிசி சொன்னதோ சாம்சங் 22, மைக்ரோமாக்ஸ் 18. சாம்சங் ஜிஎஃப்கே தரவைக் காட்டி மறுப்புத் தெரிவித்தது. ஜிஎஃப்கே எண்ணியது வாங்குபவர் கைக்குச் சென்றதை. ஆக, மேல்மடையில் நின்றவர்களே தங்களுக்குள் முரண்பட்டார்கள்; கடைமடைக்காரரின் எண் மூன்றாவதாக வந்து நின்றது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வழக்கு பழகியதுதான். வார இதழ்கள் ‘இத்தனை லட்சம் பிரதிகள்’ என்று அட்டையில் பொறித்துக்கொண்ட காலத்தில், அச்சானது எவ்வளவு, முகவரிடமிருந்து திரும்பியது எவ்வளவு என்ற கேள்வி எழாமலா இருந்தது? 1948இல் தொடங்கிய ஏபிசி எனும் விற்பனைத் தணிக்கை அமைப்பு அதற்காகவே வந்தது. விளம்பரம் தருபவரும் பதிப்பாளரும் ஒரே அமைப்பில் உட்கார்ந்து ஒரே அளவுகோலுக்கு உடன்பட்டார்கள். கைபேசித் துறையில் அப்படி ஒரு பொதுப்படி உருவாகவில்லை. இடையில் ஒன்று: 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று உச்சவரம்பை அறிவித்தார். அந்த வரம்பை இதழ் ஒருநாளும் நெருங்கவில்லை. ஆனாலும் விற்பனை எண்ணைப் பற்றித் தமிழில் செய்யப்பட்ட அறிவிப்புகளில் எனக்குப் பிடித்தது அதுவே.

மைக்ரோமாக்ஸுக்குக் கிடைத்த முதலிடம் நெடுநாள் நிலைக்கவில்லை. சீன நிறுவனமான ஷாவ்மி 2014 ஜூலையில் இணையவழி விற்பனையோடு வந்துவிட்டது. சில ஆயிரம் கருவிகளை அறிவித்து, சில விநாடிகளில் விற்றுத் தீர்ந்தன என்று விநாடிக் கணக்கையே விளம்பரமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி சேவை தொடங்கியது. 3ஜி கருவிகளைக் குவித்து வைத்திருந்த இந்திய நிறுவனங்களின் சரக்கு பழசாயிற்று. நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்து ரொக்கத்தில் நடந்த சிறுநகர வியாபாரத்தை முடக்கியது. பிறகு முன்வரிசையில் மிஞ்சியது சாம்சங்குக்கும் சீன நிறுவனங்களுக்கும் இடையிலான போட்டி. 2017 கடைசிக் காலாண்டில் ஷாவ்மி 82 லட்சம், சாம்சங் 73 லட்சம் என்றது கேனலிஸ். சாம்சங் மீண்டும் ஜிஎஃப்கேயைத் துணைக்கழைத்தது. 2018 ஏப்ரல்–ஜூன் காலாண்டு இன்னும் வேடிக்கை: ஐடிசி கணக்கில் ஷாவ்மி ஏறத்தாழ ஆறு விழுக்காட்டுப் புள்ளிகள் முன்னே, கவுண்ட்டர்பாயிண்ட் கணக்கில் சாம்சங் ஒரு புள்ளி முன்னே, கேனலிஸ் கணக்கில் இருவரும் 99 லட்சம், சமன். 2020 ஜூலை–செப்டம்பரிலும் கவுண்ட்டர்பாயிண்ட் சாம்சங்குக்கும் கேனலிஸ் ஷாவ்மிக்கும் முடிசூட்டின. ஒரே போருக்கு இரு தரப்பும் மெய்க்கீர்த்தி பாடிய காலங்களைக் கல்வெட்டில் படித்திருக்கிறோம். புலவர்களை மட்டும் இங்கே வெளியிலிருந்து அமர்த்திக்கொண்டார்கள்.

இவையெல்லாம் பெருமைக்கான பூசல்கள். விற்பனைக் கணக்கு பற்றிய வழக்கொன்று பிழைப்பையே பாதித்தது தமிழ்நாட்டில், ஸ்ரீபெரும்புதூரில். 2005 ஏப்ரலில் மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்த நோக்கியா 2006 சனவரியில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தொழிலாளரில் பெரும்பான்மையோர் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பிய முதல் மகள் என்ற நிலை பல குடும்பங்களில் அந்தத் தொழிற்சாலையால் வந்தது. 2013இல் வருமான வரித்துறை, பின்லாந்துத் தாய்நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2014 மார்ச்சில் மாநில வணிகவரித்துறை தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. அதன் வாதம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது: ஏற்றுமதி என்று காட்டப்பட்ட கைபேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது. கைபேசிகள் நாட்டைவிட்டுப் போனதற்குச் சுங்கத்துறை ஆவணங்களே சான்று, கோரிக்கை அபத்தமானது என்றது நோக்கியா. அதாவது, விற்ற எண்ணிக்கையில் தகராறில்லை. எந்த எல்லைக்கு அப்பால் விற்றது என்பதில்தான்.

இதற்கிடையில் நோக்கியாவின் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டிருந்தது. வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததாலும், 3,500 கோடி ரூபாய்க்கு உறுதியளித்தால் மட்டுமே மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியதாலும், 2014 ஏப்ரலில் முடிந்த அந்தக் கைமாற்றத்தில் ஸ்ரீபெரும்புதூர் சேரவில்லை. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றார்கள். ‘விருப்பம்’ என்ற சொல்லின் பொருளை அகராதியில் தேடிப் பயனில்லை. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெறுவது எப்படி விருப்பமாகும்? 2014 நவம்பர் 1 அன்று தொழிற்சாலை நின்றது. அந்த மாதங்களில்தான் நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள் மைக்ரோமாக்ஸா சாம்சங்கா என்று விவாதித்துக்கொண்டிருந்தன. வருமான வரி வழக்கு 2018இல் இந்திய, பின்லாந்து அரசுகளின் பேச்சுவார்த்தை வழியாக ஏறத்தாழ 1,600 கோடி ரூபாயில் முடிந்தது. கேட்ட தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் இடையில் நான்காண்டு மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

வரி கேட்டது தவறென்று நான் சொல்லவரவில்லை. சலுகை பெற்ற நிறுவனம் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் இரு பெரிய கைகள் ஒரு கணக்கை இழுத்துப் பார்த்தபோது, அந்தக் கணக்கில் எண்ணாகக்கூட இடம்பெறாதவர்களே முதலில் வெளியேறினார்கள்.

இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டுகிறது. 2023இல் ரகுராம் ராஜனும் உடன் எழுதியவர்களும், ஏற்றுமதித் தொகையை மட்டும் காட்டி இந்தியா கைபேசி செய்கிறது என்பதா, வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிபாகங்களின் மதிப்பைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். மத்திய அமைச்சர்கள் கடுமையாக மறுத்தார்கள். ஈரத்தையும் தூசியையும் எவ்வளவு கழிப்பது என்ற வியாபாரியின் கேள்விதான் அதுவும். நோக்கியாவின் பழைய வளாகத்தை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அது செய்வது, கைபேசிக்கு மின்னேற்றும் சார்ஜர்கள்.