அன்யோ நுவேவோ யானைச் சீல் நடை

கலிபோர்னியாவின் சான் மத்தேயோ மாவட்டக் கடற்கரையில், அன்யோ நுவேவோ மாநிலப் பூங்காவில் யானைச் சீல்களைக் காண வழிகாட்டியுடன் செல்லும் நடை. டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் நடைபெறும்.

எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்ட இவ்வினம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் மட்டும் எஞ்சியது. 1955இல் அன்யோ நுவேவோ தீவில் மீண்டும் தென்பட்டது. 1975இல் எதிர்க்கரை நிலப்பகுதியில் முதல் குட்டி பிறந்தது. ஆண் 2,000 கிலோவைத் தாண்டும். மணலில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சண்டை மூண்டால் வியப்பூட்டும் வேகத்தில் பாயும். தாய் ஏறத்தாழ நான்கு வாரம் இரையே இல்லாமல் பாலூட்டி, குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

மணல்மேடுகள் வழியே நடக்க இரண்டரை மணி நேரமாகும். இக்காலத்தில் வழிகாட்டியின்றிச் சீல்களின் பகுதிக்குள் செல்ல முடியாது. முன்பதிவு செய்துகொள்வது நல்லது.