சுண்ணாம்புக் கலயமும் கொழுப்புக் கல்லீரலும்

குலசேகரன்பட்டினம் என்றதும் முத்தாரம்மன் தசராவும், இஸ்ரோவின் ராக்கெட் தளமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு சீனி ஆலை இருந்தது. கரும்புச் சீனி இல்லை, பனங்கருப்பட்டியிலிருந்து எடுத்த சீனி! கருப்பட்டி கொண்டுவர பாரி கம்பெனி திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் குட்டி ரயிலே விட்டது. 1940-இல் அது நின்றுபோனது.

பனையில் ஒரு வேடிக்கை உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். கல்லீரலைக் கெடுப்பது கள்ளும் சாராயமும்தான் என்று ஊரே நம்பியது. மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மைக்ராஸ்கோப்பில் அவர்களுடைய கல்லீரல் குடிகாரர்களின் கல்லீரல் மாதிரியே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை! பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். சிலருக்குச் சர்க்கரை நோய். 'மது சாராத' என்று அவர் பெயர் வைத்தார். இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு நோய்க்குப் பெயர்... காபி தவிர எதையும் தொடாத ஆச்சியின் ரிப்போர்ட்டிலும் மது வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் கொழுப்பு எங்கிருந்து வந்தது? 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒன்பதே நோயாளிகள்தான், ஆனாலும் முக்கியமான ஆய்வு. கல்லீரல் கொழுப்பில் சுமார் 59% உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தின் வழியாக வந்தது. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போனால் இந்தக் கரைசல் நிற்காது. 26% சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து கல்லீரல் தானே தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15% மட்டுமே! எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு மூன்று வேளையும் சோறு, இனிப்புக் காபி என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கருப்பட்டிக் காபி என்றால் பரவாயில்லை என்பார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதில் பாதியான ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 541 பேரைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்டது. 32% பேருக்குக் கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோயாளிகளில் மட்டும் 54.5%, சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 22.5%.

2023-இல் உலகக் கல்லீரல் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. இப்போது அது வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய். கல்லீரல் கொழுப்போடு இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் இவற்றில் ஒன்றாவது தவறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆச்சியின் ரிப்போர்ட்டிலிருந்து மது போக 43 வருடம் ஆகியிருக்கிறது.