செட் (ஆங்கிலச் சொல்)

செட், ஆங்கிலத்தில் மிகப் பல பொருள் தரும் சொற்களுள் ஒன்று. வினையாகவும் பெயராகவும் பெயரடையாகவும் வழங்கும். வினை இறந்தகாலத்திலும் வடிவம் மாறாது. 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள்கள் தரப்பட்டன. விளக்கம் சுமார் 60,000 சொற்களுக்கு நீண்டது. பிந்தைய திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினை 645 பொருள்களுடன் இதை முந்திவிட்டது.

பொருள்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட வேரைப் பிடிப்பது நல்லது. 'உட்கார்' எனப் பொருள்படும் 'சிட்' என்ற வினையின் பிறவினைதான் செட். பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்'. தமிழின் இரு–இருத்து, அமர்–அமர்த்து போன்ற உறவு இது. ஒன்றை ஓர் இடத்தில், ஒரு நிலையில் இருத்துவதே அடிப்படை. அதனால்தான் மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, அச்சுக் கோப்பது, கண்ணி வைப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது என நமக்குத் தனித்தனி வினை வேண்டிய இடமெல்லாம் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும். சிமெண்ட் இறுகுவதும் சூரியன் மறைவதும் இதே வினைதான். அங்கே பொருள் தானாகவே ஒரு நிலையில் அமர்ந்துவிடுகிறது.

'தொகுதி' என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல்லின் வேர் வேறு. பின்தொடர்வோரைக் குறித்த 'செக்டா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைச் சுட்டும் 'செக்ட்' இதற்கு உடன்பிறப்பு. ஒலி ஒன்றானதால் இரு சொற்களும் காலப்போக்கில் கலந்துவிட்டன. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் இதுவே 'கணம்'. டென்னிஸில் இரண்டு ஆட்ட முன்னிலையோடு ஆறு ஆட்டங்களை வெல்பவருக்கு ஒரு செட்.

தமிழ்ப் பேச்சில் பெரிதும் தங்கியது இந்தத் தொகுதிப் பொருளே: பம்ப்செட், நகை செட், தட்டில் இரண்டு மூன்றாக வரும் செட் தோசை. படப்பிடிப்புக்கு 'செட் போடுவது' நிகழிடத்தை அமைக்கும் பொருளில் வந்தது. 'நமக்கு இது செட் ஆகாது' என்பதோ பொருந்தாது என்ற பொருளில் நாமே வளர்த்துக்கொண்ட வழக்கு. ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. ஒத்த வயதினரைச் சுட்டி 'நாங்க ஒரே செட்டு' என்னும்போது மட்டும், கூடவே வருபவர்கள் என்ற பழைய லத்தீன் பொருள் எட்டிப்பார்க்கிறது.