சுவருக்குள் போன குழாய்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் தஞ்சாவூரில் வீடு கட்டுகிறாள். பூச்சு வேலை தொடங்கும் நேரத்தில் போன் செய்தாள். "டீச்சர், பாத்ரூம்ல மிக்ஸர் ஷவர் வைக்கிறோம். பைப் எல்லாம் சுவருக்குள்ள போயிடணும், அப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கும்னு இன்ஜினியர் சொல்றார். எங்க மாமனார், வெளியிலேயே ஓடட்டும், ஒழுகினா கண்ணுக்குத் தெரியும்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?" சமூக அறிவியல் நடத்தியவளிடம் குழாய் வேலையைக் கேட்கிறாளே என்று சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது வரலாற்றுக் கேள்விதான். அந்தச் சண்டைக்கு இரண்டாயிரம் வயது.

ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள். லத்தீன் மொழியில் ஈயத்துக்கு 'பிளம்பம்' என்று பெயர். நம் ஊர் 'பிளம்பர்' அந்தச் சொல்லின் வழி வந்தவர்தான். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலை அறிஞர், ஈயக் குழாயைவிட மண்குழாயே மேல் என்று எழுதிவைத்தார். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் முகம் வெளுத்துப் போவதை அவர் கவனித்திருந்தார். ஆனால் மண்குழாய்க்கு அவர் சொன்ன முதல் நன்மை உடல்நலம் அல்ல. பழுதானால் அதை யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம் என்பதுதான் முதலில் வருகிறது. தஞ்சாவூர் மாமனார் இவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அதே கட்சி.

சிந்துவெளி நகரங்களிலும் இந்த முன்யோசனை உண்டு. வடிகால்களைச் செங்கல்லாலும் கல் பலகையாலும் மூடினார்கள். ஆனால் திறந்து சுத்தம் செய்யும்படி மூடினார்கள். நம் கீழடியில் ஒன்றோடொன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இனி மிக்ஸருக்கு வருகிறேன். அந்தக் கருவி புதிது, வேலை பழையது. தமிழில் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: விளாவுதல். கொதிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விட்டு உடம்பு தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். எங்கள் அம்மா முதலில் அண்டாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகுதான் வெந்நீரைச் சேர்ப்பார். எங்களில் யாராவது அவசரப்பட்டுக் கையை விட்டாலும் வெந்துபோகாதல்லவா. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் செம்பு பாய்லர் எரியும். நடுவில் கரி போடும் குழல், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு திருகு குழாய். அதில் மறைவாக எதுவும் கிடையாது.

நாம் எல்லாரும் சொல்லும் 'கீசர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்லாந்தில் கெய்சிர் என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் காஸ் அடுப்பின் சூட்டால் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் கருவியைச் செய்து, அந்த ஊற்றின் பெயரை வைத்தார். புகை வெளியே போக வழியில்லாத ஆபத்தான கருவி அது. பெயர் மட்டும் நம் குளியலறை வரை வந்துவிட்டது. ஷவர் அதற்கும் மூத்தது. லண்டனில் அடுப்பு செய்து விற்ற வில்லியம் ஃபீதம் 1767இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கைபம்பால் தண்ணீரைத் தலைக்கு மேல் உள்ள தொட்டிக்கு ஏற்றிச் சங்கிலியை இழுக்க வேண்டும். அதே தண்ணீர் திரும்பத் திரும்ப விழும்! நம் ஆற்றங்கரைக் குளியல் எவ்வளவோ மேல்.

குழாயை மறைக்கும் கதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்தான் சூடு பிடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வசதியான வீடுகளில் குளியல் தொட்டி, குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் மரப்பெட்டி அடித்து மூடினார்கள். பார்க்க மேசை நாற்காலி மாதிரி இருக்கும். உள்ளே ஒழுகும், மரம் உளுக்கும், பூச்சி சேரும். 1871இல் விக்டோரியா அரசியின் மூத்த மகனுக்கே டைபாய்டு காய்ச்சல் வந்து சாவின் விளிம்புவரை போனார். அவர் விருந்தாளியாகத் தங்கியிருந்த மாளிகையின் சாக்கடை மீது பழி விழுந்தது. அரண்மனைப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றதும் வீட்டுச் சாக்கடையும் குழாயும் ஊர்ப் பேச்சாகிவிட்டன. அதன்பின் சுகாதார அறிஞர்கள், பெட்டியை உடையுங்கள், குழாய் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வற்புறுத்தினார்கள். அமெரிக்காவில் 1880களிலிருந்து நிக்கல் பூசிய குழாய்கள் பளபளவென்று வெளியே ஓடுவதுதான் நாகரிகம். மறைத்து வைத்திருந்தால், என்ன அழுக்கோ என்று சந்தேகப்படுவார்களாம். பிறகு 20ஆம் நூற்றாண்டில் டைல்ஸ் பதித்த சுவரும் சுவரோடு ஒட்டிய தொட்டியும் வந்தபோது குழாய் மறுபடி உள்ளே போனது. ஆக, மறைப்பதுதான் அழகு என்பது நிரந்தரமான விதி ஒன்றுமில்லை.

வெந்நீரும் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் கலந்ததற்குக் காரணம் ஒரு கல்லூரி மாணவர். 1937இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஆல்ஃபிரட் மோன் என்ற இளைஞர் கை கழுவக் குழாயைத் திறந்தார். வெந்நீருக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு. கொதிநீர் கொட்டிக் கை சுட்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் உட்கார்ந்து படம் வரைந்தார். நடுவில் உலகப்போர் வந்து, அவருடைய ஒற்றைக் கைப்பிடிக் குழாய் கடைக்கு வந்தது 1947இல். அதே 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எவ்வளவு சூட்டில் எத்தனை நேரத்தில் தோல் வேகும் என்று அளந்து வெளியிட்டார்கள். 60 டிகிரி சென்டிகிரேடு தண்ணீரில் சுமார் 5 வினாடி போதும். 49 டிகிரியில் பல நிமிடம் ஆகும். கீசரை 60க்குத் திருகி வைத்திருக்கும் வீடுகள் நம்மில் எத்தனையோ. நமக்கு 5 வினாடியில் விலகத் தெரியும். கை நடுங்கும் தாத்தாவுக்கும் மூன்று வயதுப் பேரனுக்கும் தெரியாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சூட்டைத் தானே நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட் வகை மிக்ஸரை வாங்குங்கள். சாதாரண மிக்ஸர் கலக்க மட்டும்தான் செய்யும். அடுத்த அறையில் யாராவது தண்ணீர்க் குழாயைத் திறந்தால் இங்கே சூடு ஏறிவிடும்.

சுவருக்குள் ஓடியது என்ன குழாய் என்பதுதான் நம் தலைமுறையின் கதை. இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதுதான் நம் ஜி.ஐ. பைப். துத்தநாகம் தீர்ந்ததும் துரு ஆரம்பிக்கும். 1988இல் நாங்கள் கட்டிய வீட்டில் அதுதான் கிடைத்தது, அதைத்தான் புதைத்தார்கள். பதினைந்தாவது வருஷம் பூஜை அறைச் சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் ஈரம் பூத்தது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் நாலடிச் சுவரை உடைத்தோம். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு எல்போ. அதன் விலையைவிட உடைத்த டைல்ஸின் விலை பல மடங்கு.

இப்போது சி.பி.வி.சி. குழாய் இருக்கிறது. துருப்பிடிக்காது, 93 டிகிரி வரை தாங்கும். அதனால் அந்தப் பெண்ணிடம், மறைத்துக்கொள், ஆனால் கை எட்டும்படி மறை என்றேன். சுவருக்குள் இணைப்புகளைக் குறைக்கச் சொல். கைபம்பு வைத்து பிரஷர் டெஸ்ட் பார்த்து, முள் இறங்கவில்லை என்று உன் கண்ணால் பார்த்த பிறகுதான் பூச வேண்டும். குளியலறைக்கென்று தனி வால்வு, திறக்கிற இடத்தில் இருக்கட்டும். மிக்ஸரின் உட்பாகத்தை முன்தட்டைக் கழற்றியே மாற்ற முடிகிற மாதிரி பார்த்து வாங்கு. வெந்நீர் இடதுபக்கம், தண்ணீர் வலதுபக்கம். மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான். படத்தில் பார்க்கிற மழை ஷவருக்கு அது போதாது, முதலிலேயே விசாரி.

இன்னொன்று. பூசுவதற்கு முன் டேப்பை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் புதைத்த குழாய்க்கு முதல் எதிரி துரு அல்ல, டவல் கம்பி மாட்ட வருகிறவர் கையில் இருக்கும் டிரில் மெஷின்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய செம்பு பாய்லர் கிடந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எங்கள் வீட்டுப் பாய்லரை 1991இல் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.