சித்திரை நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்ரா பௌர்ணமி அன்று, அன்னதானம் முடிந்து ஆலயத்தின் பின்னால் நாங்கள் அண்டா கழுவிக் கொண்டிருந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை வந்து, "அங்கிள், ஐயர் சித்திரை நட்சத்திரம்னு சொன்னாரே, அது எது?" என்று வானத்தைக் காட்டிக் கேட்டது. எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. வருஷக் கணக்கா அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரம் எழுதுகிறவர்கள் நாங்கள். வெட்கமாப் போச்சு.

படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு, போன வருஷம் சித்திரை மாதம் முழுக்க வானத்தைப் பார்த்தோம். சாயங்கால மழை விட்ட பிறகு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணிக்குக் கிழக்கே பாருங்கள், வெள்ளையாக ஒற்றை நட்சத்திரம் மின்னும். அதுதான் சித்திரை. அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் கீழே, செம்மஞ்சளாக இருப்பது சுவாதி. உச்சிக்குப் பக்கத்தில் மகம்.

பிறை மேற்கில் கார்த்திகை, ரோகிணி பக்கம் தெரிந்தது. தினம் ஒரு நட்சத்திரம் தாண்டிக் கிழக்கே நகர்ந்தது. பூசம் தாண்டும்போது பாதி நிலா. பிறகு மகம், உத்திரம். பௌர்ணமி அன்று சித்திரைப் பக்கம் வந்து நின்றது. மாதத்தின் பெயரே அதுதான்! தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் முழுநிலா நின்ற இடத்தைப் பார்த்து வைத்த பெயர்கள்.

மாதக் கடைசியில் கார்த்திகைக் கூட்டம் மேற்கில் மறைந்துவிட்டது. சூரியன் அந்தப் பக்கம் போய்விட்டான். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம், கத்திரி வெயில் என்று சொல்வது இந்த நாட்களைத்தான்.

இதையெல்லாம் நம் முன்னோர் எப்படிக் கணக்கு வைத்தார்கள்? நிலா தினமும் நகரும் தூரத்தை 248 வாக்கியங்களில் அடக்கினார்கள். அதில் எழுத்துகளே எண்கள். மனப்பாடம் செய்தால் போதும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அப்படி வந்தது. ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சிப்பிகளை வைத்து, மனப்பாடத்திலேயே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம்.

இப்போது வாக்கியமா, திருக்கணிதமா என்று வாட்சாப்பில் கோபப்பட்டுக்கொள்கிறோம். பழைய வாக்கியங்களை வைத்துக் கணிப்பது ஒன்று. இன்றைய வானியல் அளவுகளால் திருத்திக் கணிப்பது இன்னொன்று. இரண்டும் தேடுவது ஒரே நிலாவைத்தான். எதைப் பின்பற்றுவது என்று ஆலயப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் சண்டை போடும் நம்மில் எத்தனை பேர் அந்த நிலாவை நிமிர்ந்து பார்த்தோம்?

பஞ்சாங்கம் வானத்தைப் பார்த்துப் பிறந்தது. நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

வரும் சித்ரா பௌர்ணமிக்குப் பூஜை முடிந்ததும் உடனே காரை எடுக்காதீங்க. பிள்ளைகளோடு ஆலய வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்க. நிலாவுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை நட்சத்திரத்தைத் தேடிக் காட்டுவோம். அன்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.