மஞ்சள் கடுதாசி

மஞ்சள் கடுதாசி, மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி. எனத் தமிழகத்தில் பல பெயர்களில் வழங்குவது, கடனை அடைக்க வழியற்றுப்போன தனிநபர் தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவாகும். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கமே ஐ.பி. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டமும், மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். சென்னையில் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கடனாளியின் சொத்தை அஃபிஷியல் அசைனி ஏற்பார். வெளியூர்களில் மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ விசாரிக்கும். சொத்தை அஃபிஷியல் ரிசீவர் ஏற்பார்.

‘ஐ.பி. போட்டுட்டான்’ என்றால் ஊரை ஏமாற்றிவிட்டான் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. சொத்தை மனைவி பெயருக்கும் மைத்துனர் பெயருக்கும் மாற்றி எழுதிவிட்டு மனுப் போட்டவர்கள் வாங்கித் தந்த கெட்ட பெயர் இது. அந்தப் பழிக்கு அஞ்சி, உண்மையிலேயே நொடித்துப்போன நேர்மையான மனிதர்கள் இந்த வழியைத் தொடாமல், கந்துவட்டிக்கு மேல் கந்துவட்டி வாங்கியோ இரவோடு இரவாக ஊரை விட்டுப் போயோ அழிகிறார்கள். அவர்களுக்காகவே இயற்றப்பட்ட சட்டம் இது.

ஓடி ஒளிவதால் சட்டப்படியும் பயன் இல்லை. கடன்காரர்களைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு வீட்டை விட்டுப் போவதும், அவர்கள் பார்க்க முடியாதபடி மறைந்திருப்பதும் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் நொடிப்புச் செயல்களாகவே எழுதப்பட்டுள்ளன. அத்தகைய செயல் நடந்து 3 மாதங்களுக்குள் கடன் கொடுத்தவரே மனுப் போட்டு, கடனாளியை நொடித்தவராக அறிவிக்கச் செய்யலாம்.

மனுவில் எழுத வேண்டியது

கடனாளி தாமே மனுக் கொடுக்க, கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது 1920இல் எழுதப்பட்ட வரம்பு. கடனுக்காகக் கைதாகியிருந்தாலோ சொத்து ஜப்தியாகியிருந்தாலோ அதுவே போதிய காரணம். மனுவின் உயிர் அதன் அட்டவணைகளில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் முகவரி என்ன என்று ஒவ்வொரு கடனும் வர வேண்டும்: எழுதிக் கொடுத்த புரோநோட்டு, எடுத்துவிட்டுக் கட்டாமல் நிற்கும் சீட்டு, கடைப் பாக்கி, கைமாற்று. எதிர் அட்டவணையில் வீடு, மனை, வண்டி, வரவேண்டிய பாக்கி எல்லாம் மதிப்போடு வர வேண்டும். தெரிந்தவராயிற்றே என்று ஒரு கடனை விடுவதும், சொந்த ஊரில் உள்ள பங்குச் சொத்தை மறைப்பதும் பின்னால் மனுவையே கவிழ்க்கும். வேண்டுமென்றே மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

நீதிமன்றம் நொடிப்பு ஆணை பிறப்பித்ததும் சொத்து முழுவதும் ரிசீவர் வசம் போகிறது. அதன்பின் சாதாரணக் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனியே வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். கட்ட முடியாதவரை வெறும் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கையில் பணம் வைத்துக்கொண்டே கட்டாமல் இருப்பவரையும் வழியற்றவரையும் தெளிவாகப் பிரித்தது.

சொத்து முழுவதும் என்பதற்கும் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவற்றை ரிசீவரும் தொட முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர் சாமான்கள், வருங்கால வைப்பு நிதி ஆகியவை அதில் அடங்கும். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகைக்கும் அதே பாதுகாப்பு உண்டு; தாலிக்குப் பயந்து தூக்கம் இழந்த குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

முடிவு பெரும்பாலும் கடனின் வகையைப் பொறுத்தது. அடமானக் கடனை ஐ.பி. தடுக்காது: வீட்டுக் கடன் கொடுத்த வங்கி வீட்டின் மீதும், நகைக் கடன் கொடுத்தவர் நகையின் மீதும் உள்ள உரிமையை அப்படியே வைத்திருப்பார்கள். ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். கடனாளிக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு நீடிக்கும் என்பதால், மனுப் போடுமுன் அவரிடம் சொல்லிவிடுவதே நியாயம். காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் வழக்கு; மனுக் கொடுத்ததாலேயே அது தானாக நிற்காது. ஆக, அடமானமில்லாத கடன்கள் மலைபோல் குவிந்து, விற்க அதிகம் இல்லாதவருக்கே இந்த வழி உண்மையில் உதவும். ஒன்றிரண்டு வங்கிக் கடன் மட்டும் உள்ளவர் முதலில் லோக் அதாலத்தில் ஒரே தவணைத் தீர்வு கேட்டுப் பார்ப்பது நல்லது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் குற்றமாக்கியிருப்பதால், அந்தக் கடன்களுக்குக் காவல் நிலையப் புகாரும் ஒரு வழி.

பழைய தில்லுமுல்லுகளுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் உரிய விலையின்றி எழுதிக் கொடுத்த சொத்தையும், 3 மாதங்களுக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததையும் ரிசீவர் ரத்து செய்யக் கோரலாம்.

விடுவிப்பு

மனுப் போடுவோரில் பலர் சறுக்கும் இடம் இதுதான். நொடிப்பு ஆணையோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்பு ஆணைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நொடிப்பு ஆணையே ரத்தாகி, பழைய கடன்காரர்கள் மீண்டும் வாசலுக்கு வருவார்கள். சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாகூட இல்லாவிட்டால், அது தம் குற்றத்தால் நேர்ந்ததல்ல என்று கடனாளி காட்ட வேண்டும். வியாபார நட்டமும் நோய்ச் செலவும் அங்கே ரசீதுகளோடு பேசப்பட வேண்டும். விடுவிப்பு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும். தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக முடியாது. அரசுக்குரிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் விடுவிப்புக்குப் பின்னும் தொடரும்.

இந்த நூற்றாண்டுப் பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடில்லாத ஏழைகளின் கடனைத் தள்ளிவிடும் ‘புதிய தொடக்கம்’ என்ற ஏற்பாடும் அதில் எழுதப்பட்டது. ஆனால் தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்களுக்குக் கதவு திறந்த அரசு, தினக்கூலியின் கடனுக்குத் திறக்காமல் வைத்திருப்பது அநீதி.

கடன் கழுத்தை நெரிக்கும்போது புரோநோட்டு நகல்கள், வங்கிக் கணக்கு விவரம், வந்த நோட்டீஸ்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசியில் கேட்க 15100.