பெருந்தமனிச் சுருக்கம் புலப்பட்ட வரலாறு

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனி வளைந்து திரும்பி, இடது கைக்குரிய கிளையைப் பிரித்துவிட்டுக் கீழிறங்கத் தொடங்கும் இடத்தில் சிலருக்குப் பிறவியிலேயே குறுகிவிடுவதுண்டு. இத்தாலிய உடற்கூற்றறிஞர் மார்கானி 1760-இல் இக்குறையைப் பிரேதப் பரிசோதனையில் கண்டு விவரித்த பிறகும், நூறாண்டுகளுக்கு மேலாக இதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் சடலங்களிலிருந்தே கிடைத்தது.

1895-இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்ரேயிலும் சுருக்கம் நேரடியாகத் தெரியவில்லை. எனினும், தடைபட்ட இரத்தம் விலா எலும்புகளை ஒட்டிய சிறுதமனிகளின் வழியே சுற்றிச் செல்வதால் அவை ஆண்டுக்கணக்கில் பருத்து நெளிந்து எலும்பின் கீழ்விளிம்பை அரித்துவிடுகின்றன; அந்த அரிப்பின் எக்ஸ்ரே தோற்றத்தை ரோஸ்லர் 1928-இல் விளக்கியதால், உயிருடன் இருப்பவரிடமே நோயை ஊகித்தறிய இயன்றது. பச்சிளங்குழந்தைகளுக்கு இத்தடயம் உதவாது என்பது அதன் பெருங்குறை.

படத்தின் தேவையைக் கூர்மையாக்கியது அறுவை மருத்துவமே எனலாம். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் குறுகிய பகுதியை வெட்டியெடுத்து இருமுனைகளையும் இணைத்துத் தைத்த பின்னர், சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பவை கத்தி எடுக்குமுன் தெரிந்தாக வேண்டிய வினாக்களாயின. அதே நகரில் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட முறை, தமனியைத் திறந்து வெட்டாமல் ஊசித்துளை வழியே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைப் பாய்ச்சிப் படமெடுக்க வழிசெய்தது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது, ஒவ்வொரு அடுக்குக்கும் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், துடிக்கும் தமனி அதற்கு எட்டாததாகவே இருந்தது. நோயாளியின் படுக்கை நகர, கதிர்க்குழாய் இடைவிடாது சுழலும் சுருள்முறை 1989 அளவில் உருவாகி, பின்னர் ஒரே சுழற்சியில் 64 அடுக்குகளைப் பதியும் கருவிகளும் வந்தபோதுதான், கைச்சிரையில் அயோடின் மருந்தைச் செலுத்தி மார்புத் தமனி முழுவதையும் சில நொடிகளில் முப்பரிமாணத்தில் காண முடிந்தது. சுருக்கத்தின் விட்டம், வளைவின் அளவு, சுற்றுவழித் தமனிகள், சிகிச்சைக்குப் பின் தோன்றும் வீக்கம் ஆகியவை ஒரே படத்தில் கிடைப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆயினும், வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவைப்படும் இளையோருக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்க எம்.ஆர்.ஐ. பெரிதும் விரும்பப்படுகிறது.

சி.டி. படம் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. சுருக்கத்துக்கு மேலும் கீழும் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறையாத அழுத்த வேறுபாடு, சிகிச்சையை முடிவுசெய்யும் முக்கிய அளவுகோல்களுள் ஒன்றாக இன்றும் நீடிக்கிறது. ஆனால் சுற்றுவழித் தமனிகள் நன்கு வளர்ந்தவரிடம் அவ்வேறுபாடு குறைந்து பதிவாகக்கூடுமாதலால், அத்தமனிகளின் வளர்ச்சியைப் படத்தில் கண்டே அந்த எண்ணை மருத்துவர் மதிப்பிடுகிறார்.